'எதுக்கும் இருக்கட்டும்': அறுவை வார்டில் ஆன்டிபயாடிக்கும் அதிகாரமும்

1

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வருகிற நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்த்தால் ஆன்டிபயாடிக் ஊசி எழுதியிருக்கும். ஐந்து நாள், ஏழு நாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது இன்னும் ஐந்து நாளைக்கு மாத்திரை. ஏன் இத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "எதுக்கும் இருக்கட்டும். செப்டிக் ஆயிடக் கூடாதுல்ல?"

இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' என்கிற சொற்றொடரில் யாருடைய பயம் பேசுகிறது, அந்தப் பயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டாக்டர்கள் ஆன்டிபயாடிக்கைத் தப்பாக எழுதுவதற்கு 'அறியாமை'யைக் காரணமாகச் சொல்லும் வழக்கமான விளக்கம் நமக்குப் போதாது. ஆஸ்பத்திரி என்கிற நிறுவனத்துக்குள் யார் யாரைக் கேள்வி கேட்கலாம், யார் யாருடைய எழுத்தை அடிக்கலாம் என்பதற்கு எழுதப்படாத விதிகள் இருக்கின்றன. மருந்துச் சீட்டு அந்த விதிகளுக்கு உட்பட்டே எழுதப்படுகிறது. விதிகளை மாற்றினால் சீட்டும் மாறும். கென்யாவில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ஆறே வாரத்தில் மாறியிருக்கிறது. அங்கு போவதற்கு முன்னால் மருத்துவம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

2. 'எப்போது' என்கிற கேள்வி

தோல் ஒரு வேலி. கத்தி பட்டவுடன் வேலி திறந்துவிடுகிறது. நோயாளியின் தோலிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருக்கிற கிருமிகள்தான் பெரும்பாலும் புண்ணுக்குள் இறங்குகின்றன. அவை இறங்குகிற அந்த நேரத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் மருந்து போதிய அளவில் இருந்தாக வேண்டும். அறுவைக்கான முன்னெச்சரிக்கை ஆன்டிபயாடிக் என்பதன் தர்க்கம் இவ்வளவுதான். எத்தனை நாள் கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதே இங்கு முக்கியமாகிறது.

1961இல் ஜான் பர்க் என்கிற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைக் கினிப் பன்றிகளில் சோதித்துக் காட்டினார். தோலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே உடம்பில் மருந்து இருந்தால் பலன் அதிகம். நேரம் ஆக ஆகப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தும் கொடுக்காத மருந்தும் ஒன்றுதான் என்றாகிவிட்டது.

மனிதர்களிடம் இதன் உண்மையை அளந்து சொன்னது 1992இல் வெளிவந்த டேவிட் கிளாசன் குழுவினரின் ஆய்வு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் 2,847 அறுவை நோயாளிகளைக் கவனித்தார்கள். அறுவைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே புண்ணில் தொற்று ஏற்பட்டது. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குமேல் ஆன பிறகு பெற்றவர்களில் 3.3 விழுக்காடு. ரொம்ப முன்கூட்டியே, இரண்டு மணி நேரத்துக்கும் முன்னால் பெற்றவர்களில் 3.8 விழுக்காடு. ராத்திரியே ஊசி போட்டு அனுப்பிவைப்பதும் வார்டுக்குத் திரும்பிய பிறகு போடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று இதிலிருந்து தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மருந்து தேவைப்படுகிற அறுவை என்றால், கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் கொடு. செஃபாசோலின் போலச் சீக்கிரம் உடம்பைவிட்டு வெளியேறும் மருந்தாக இருந்தால் இன்னும் நெருக்கத்தில், ஒரு மணி நேரத்துக்குள் கொடு. அறுவை முடிந்த பிறகு, தொற்று வராமல் தடுப்பதற்காக என்று தொடராதே. நீண்ட நேரம் நடக்கிற அறுவையிலும் இரத்த இழப்பு அதிகமான அறுவையிலும் தியேட்டருக்குள்ளேயே இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கலாம். சில சுத்தமான சிறு அறுவைகளுக்கு அந்த ஒரு ஊசியும் தேவையில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழாகி வருகிறவருக்குக் கொடுப்பது முன்னெச்சரிக்கை அல்ல, சிகிச்சை. அதற்கு நாள் கணக்கு உண்டு. நாம் பேசுவது தொற்று இல்லாதவருக்குத் தொற்று வந்துவிடக் கூடாதே என்று கொடுப்பதைப் பற்றி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிற இடத்தில்தான் 'எதுக்கும் இருக்கட்டும்' நுழைகிறது.

"கூடுதலா நாலு நாள் குடுத்தா என்ன, கெட்டாபோயிடும்?" என்று கேட்கலாம். கெட்டுத்தான் போகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் அறுவை செய்துகொண்ட 79,058 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. முன்னெச்சரிக்கை மருந்தை நீட்டித்ததால் புண்ணில் தொற்று குறையவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்படுவதும், குடலின் நல்ல கிருமிகள் அழிந்துபோன இடத்தில் கிளாஸ்ட்ரிடியோய்ட்ஸ் டிஃபிசில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்படுவதும் நாள் கூடக்கூட அதிகரித்தன. இது நோயாளியின் உடம்போடு முடிகிற சங்கதியும் இல்லை. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமி பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறது, சாக்கடைக்குப் போகிறது, வீட்டுக்கும் போகிறது.

3. வகுப்பெடுத்தால் போதுமா?

1961இலும் 1992இலும் 2016இலும் தெரிந்த விஷயம்தான் இது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவார்கள். நடைமுறை என்ன? நமது தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் நாட்டின் 20 பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் 71.9 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் பெற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதப்பட்டவற்றில் 55 விழுக்காடு முன்னெச்சரிக்கைக்காக. அதாவது இருக்கிற தொற்றுக்காக எழுதியதைவிட, வரக்கூடிய தொற்றுக்காக எழுதியது அதிகம். அறுவை தொடர்பானது இதில் ஒரு பகுதி என்றாலும் அந்த மனநிலையின் பரப்பை இந்த எண் காட்டுகிறது.

இதற்கு அதிகாரபூர்வமான பதில் எப்போதும் ஒன்றுதான்: டாக்டர்களுக்குப் பயிற்சி கொடு, கருத்தரங்கு நடத்து, சுவரில் சுவரொட்டி ஒட்டு. தெரியாததால் தப்பு நடக்கிறது, தெரியவைத்தால் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. நிறுவனத்தைப் பற்றிய விமர்சனத்தை இப்படித் தனிமனிதரின் மூளைக்குள் அடைத்துவிடுவது நமக்குப் பழக்கமான கருத்தியல் வேலைதான்.

லண்டனில் எஸ்மிதா சரானி என்கிற ஆய்வாளரும் அவரது சகாக்களும் ஆஸ்பத்திரிகளுக்குள் டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளுநர்கள் ஆகியோரிடம் பேசி 2013இல் எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கையை உடைக்கிறது. மருந்து எழுதுவதற்குப் பின்னால் ஒரு 'ஆசாரம்' இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். ஒரு டாக்டர் எழுதியதில் இன்னொரு டாக்டர் தலையிடுவதில்லை. பெரியவர் எழுதியதைச் சின்னவர் அடிப்பதில்லை. வழிகாட்டுதல் ஏடு ஒன்று சொல்லலாம், ஆனால் சீஃப் என்ன எழுதுவார் என்பதே நடைமுறை விதி. அந்தந்த யூனிட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொள்வதுதான் இளம் டாக்டருக்கு அங்கே கிடைக்கிற உண்மையான கல்வி. ஆசாரம் என்கிற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். மீறினால் தண்டனை சட்டத்திலிருந்து வராது, சூழலிலிருந்து வரும்.

இதே குழுவினர் அறுவை யூனிட்டுகளை மட்டும் தனியாக ஆராய்ந்து 2017இல் எழுதியதில் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. அறுவை மருத்துவரின் அடையாளமும் பெருமையும் தியேட்டருக்குள் இருக்கிறது. காலையில் வேகமாக ஒரு ரவுண்ட்ஸ், பிறகு நாள் முழுக்கத் தியேட்டர். வார்டில் மிஞ்சுகிறவர் அனுபவம் குறைந்த இளம் டாக்டர். ஆன்டிபயாடிக்கைத் தொடரலாமா நிறுத்தலாமா என்கிற முடிவு, முடிவெடுக்க அதிகாரம் இல்லாத அவர் தலையில் விழுகிறது. நிறுத்தி, புண் சீழ் பிடித்துவிட்டால் அவர் குற்றவாளி. தொடர்ந்து, ஒன்றும் ஆகாவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவர் எதைச் செய்வார்? நாமாக இருந்தால் எதைச் செய்வோம்?

லண்டனுக்கும் நமது மருத்துவக் கல்லூரி வார்டுக்கும் தூரம் அதிகம். ஆனால் 'சீஃப்' என்கிற சொல்லை உச்சரிக்கும்போது ஹவுஸ் சர்ஜன் குரல் எப்படித் தாழ்கிறது என்று கேட்டிருக்கிறவர்களுக்கு இந்த வர்ணனை அந்நியமாக இருக்காது. பி.ஜி. மாணவர் தேர்ச்சி பெறுவதும் சீஃப் கையில்தான் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் ஒரு வரியை அடிப்பது இங்கே மருத்துவச் செயல் மட்டுமாக இருக்க முடியாது.

4. பயத்தின் பொருளாதாரம்

இந்தப் பயம் வெறும் மனோபாவம் இல்லை. அதற்குப் பொருளியல் அடித்தளம் உண்டு.

லண்டனைச் சேர்ந்த மானிடவியலாளர்கள் லாரி டென்யர் வில்லிஸ், கிளேர் சாண்ட்லர் இருவரும் 2019இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆன்டிபயாடிக் என்பது நமது உலகில் இல்லாதவற்றை ஈடுகட்டும் அவசர மருந்தாகிவிட்டது என்று வாதிட்டார்கள். கவனிப்பு இல்லாத இடத்தில் கவனிப்புக்குப் பதிலாக, சுகாதாரம் இல்லாத இடத்தில் சுகாதாரத்துக்குப் பதிலாக, ஓய்வெடுக்க முடியாத உழைப்பாளியின் ஓய்வுக்குப் பதிலாக மருந்து வருகிறது. ஆக, மருந்தை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தக் குழியை அப்படியே விட்டுவிட முடியாது.

அறுவை வார்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். ஒரு கட்டிலில் ஒருவர், பக்கத்தில் தரையில் ஒருவர். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. கருவிகளை வேகவைக்கும் எந்திரம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க ஆள் இல்லை. டிரஸ்ஸிங் மாற்றுகிறவர் ஒரு புண்ணிலிருந்து அடுத்த புண்ணுக்குப் போகும் முன் கை கழுவ நேரம் இல்லை. இவ்வளவையும் அறிந்த அறுவை மருத்துவர் ஏழு நாள் ஊசி எழுதுகிறார். அவரைக் கேட்டால், "வார்டு இருக்கிற லட்சணத்துக்கு இது இல்லாம எப்படிங்க?" என்பார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அழுக்கு வார்டில் ஏழு நாள் ஊசி என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். மருந்துக்குச் சாகிற கிருமிகளைக் கொன்று, சாகாத கிருமிகளுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. வார்டு எவ்வளவு அழுக்கோ அவ்வளவுக்கு அந்தச் சாகாத கிருமி வேகமாகப் பரவும். குழாய்க்குப் பதிலாக ஊசி என்கிற கணக்கு, கடைசியில் குழாய் இல்லாத இடத்தில்தான் அதிகமாகத் தோற்கிறது.

தனியார் ஆஸ்பத்திரியில் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு ஊசியும் பில்லில் ஒரு வரி. மருந்துக்கடையும் ஆஸ்பத்திரியுடையதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விலை கூடிய புதிய மருந்தைக் கொண்டுவருகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வாசலில் நிற்கிறார். நோயாளியின் உறவினர்களும் "நல்ல மருந்தா, பவரா போடுங்க" என்கிறார்கள். எல்லாருடைய நலனும் ஒரே திசையில் தள்ளும்போது 'அறிவு' மட்டும் எதிர்த்திசையில் என்ன செய்ய முடியும்?

பயம் மேலிருந்து கீழே இறங்குகிறது, செலவும் அப்படியே இறங்குகிறது. ஊசியைக் கரைத்து, அளந்து, நரம்பில் ஏற்றுகிற நர்ஸின் நேரத்தை யாரும் கணக்கு வைப்பதில்லை. கூலி இழந்து ஏழு நாள் படுத்திருப்பவரின் நஷ்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இதில் நமது ஊருக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 2010இல் 'லான்செட்' குழும ஏடு ஒன்றில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. கடைசி ஆயுதமாகக் கருதப்பட்ட கார்பாபெனம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைச் சுமந்த கிருமிகள் பற்றிய கட்டுரை அது. சென்னை மாதிரிகளில் மட்டும் அத்தகைய கிருமிகள் 44 கிடைத்திருந்தன. அப்போது தில்லியில் எழுந்த கூச்சல் எதைப் பற்றி? புது தில்லியின் பெயரை வைத்துவிட்டார்கள், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி செய்கிறார்கள் என்பதைப் பற்றி! கிருமியைவிடப் பெயர் முக்கியமாயிற்று. பிறகு 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2013இல் அரசு எச்-1 என்கிற அட்டவணையைக் கொண்டுவந்து, சீட்டு இல்லாமல் சில ஆன்டிபயாடிக்குகளை விற்கக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் மருந்துக்கடைக்காரரைக் கண்காணிக்கிறது. சீட்டு எழுதுகிற கையை அது தொடுவதில்லை.

5. தீக்காவில் நடந்தது

நைரோபிக்கு வடகிழக்கே உள்ள ஊர் தீக்கா. அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் 2010 ஆகஸ்டிலிருந்து 2011 டிசம்பர் வரை, அறுவைப் புண்ணில் தொற்று எவ்வளவு வருகிறது என்று கவனமாகக் கணக்கெடுத்தார்கள். தொடக்கத்தில் அங்கிருந்த நிலை நமக்குப் பழக்கமானது. ஏறக்குறைய எல்லா அறுவைகளிலும் ஆன்டிபயாடிக் அறுவைக்குப் பிறகுதான் கொடுக்கப்பட்டது. முன்னால் கொடுக்கும் வழக்கமே கிட்டத்தட்ட இல்லை.

2011 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரிக்கென்றே தயாரிக்கப்பட்ட கொள்கை ஒன்று நடைமுறைக்கு வந்தது. வெளியிலிருந்து அச்சடித்து வந்த ஏடு இல்லை. அறுவைக்கு முன் கொடு, பின்னால் நீட்டாதே என்பதுதான் அதன் சாரம். சீழ் இல்லாத அறுவைகளில், ஒரு வாரத்தில் 60 விழுக்காட்டுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கப்பட்டது. ஆறாவது வாரத்தில் 98 விழுக்காடு. அறுவைக்குப் பிறகு மருந்து தொடர்வது ஒரு வாரத்தில் 40 விழுக்காடாகவும் ஆறாவது வாரத்தில் 10 விழுக்காடாகவும் இறங்கியது.

இதன் பலனை ஊதிப் பெருக்கக் கூடாது. தொற்று ஒரேயடியாக விழுந்துவிடவில்லை. மேலோட்டமான தொற்றுகள் ஓரளவு குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் பயந்தது வேறொன்று. மருந்தை நிறுத்தினால் வார்டே சீழ் பிடித்துவிடும் என்று நினைத்தார்கள். அது நடக்கவில்லை. மருந்துச் செலவு, நரம்பில் போடுகிற ஊசிகளின் எண்ணிக்கை, அதற்கு நர்சுகள் செலவிடும் நேரம் மூன்றும் வெகுவாகக் குறைந்தன.

ஏழை நாட்டு அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், அதே டாக்டர்களை வைத்துக்கொண்டு, அதே வார்டில் இது நடந்திருக்கிறது. "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காதுங்க" என்கிற அவநம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இரண்டு விஷயங்கள் இங்கு முக்கியம் எனலாம். ஒன்று, 'நிறுத்தலாமா' என்கிற கேள்வி தனியாக நிற்கும் இளம் டாக்டரின் தலையிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரியின் பொது முடிவாயிற்று. அவர் நிறுத்தினால் இப்போது ஆஸ்பத்திரியே அவர் பின்னால் நிற்கிறது. இரண்டு, தொற்றைக் கணக்கெடுத்துக்கொண்டே மாற்றத்தைச் செய்தார்கள். பயத்துக்கு வாதத்தால் பதில் சொல்லாமல், அவர்களுடைய வார்டின் எண்களாலேயே பதில் சொன்னார்கள்.

6. உரக்கக் கேட்கப்படும் கேள்வி

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் தியேட்டரில் உள்ள எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். 'கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா?' என்று ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும். தில்லி, இஃபாகாரா, மணிலா, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவுகளில், மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன.

அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பெரும்பாலும் நர்ஸ். மற்ற நேரத்தில் அறுவை மருத்துவரைப் பார்த்து அவர் கேட்க முடியாத கேள்வி அது. பட்டியல் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. கேட்பது ஆளல்ல, பட்டியல் என்றாகிவிடுவதால் ஆசாரமும் மீறப்படுவதில்லை. மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் பேச்சு நுழைந்துவிடுகிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அரசு இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. 101 ஆஸ்பத்திரிகளின் அனுபவத்தை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரை, மரணத்திலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் இல்லை என்றது. பட்டியலைப் பயன்படுத்தியதாக ஆஸ்பத்திரிகள் அனுப்பிய கணக்கு மட்டும் நூற்றுக்கு நூறை நெருங்கியிருந்தது. மேலிருந்து வந்த உத்தரவு எப்படிச் சடங்காகிவிடுகிறது என்பதற்கு நமக்கு உதாரணம் தேவையில்லை. டிக் அடிப்பது வேறு, நின்று கேட்பது வேறு. அதிகார உறவு அப்படியே இருக்கும்போது புதிய காகிதம் பழைய ஆசாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

7. செய்யக்கூடியவை

ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக் எழுதுவதை மேம்படுத்த எடுக்கப்பட்ட முயற்சிகள் பற்றிய 221 ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2017இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. மருந்து கொடுக்கும் காலம் சராசரியாக ஏறக்குறைய இரண்டு நாள் குறைந்தது. அதனால் மரணம் கூடவில்லை. தடை போடுவதும் பலன் தருகிறது. முடிவெடுக்க உதவி செய்வதும் பலன் தருகிறது. என்ன எழுதினீர்கள் என்பதை எழுதியவருக்கே திருப்பிக் காட்டும்போது அந்த உதவியின் பலன் இன்னும் கூடுகிறது. இவற்றையெல்லாம் வைத்து நாம் கோர வேண்டியவற்றை இப்படித் தொகுக்கலாம்:

அ) முதல் ஊசியின் பொறுப்பு யாருடையது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானிக்கப்பட வேண்டும். வார்டில் போட்டு அனுப்புவதைவிடத் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் போடுவதே பொருத்தம். கத்தி எப்போது வைக்கப்படும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆ) நிறுத்துவது இயல்பாகவும் தொடர்வது விதிவிலக்காகவும் மாற வேண்டும். தொடர வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இப்போது நிறுத்துகிறவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சுமை இடம் மாற வேண்டும்.

இ) சரியான மருந்து அலமாரியில் இருக்க வேண்டும். செஃபாசோலின் போன்ற பழைய, எளிய மருந்து கையில் கிடைக்காவிட்டால் டாக்டர் செஃப்ட்ரியாக்சோன்தான் எழுதுவார். தமிழகத்தில் 1994இலேயே மருந்துக் கொள்முதலுக்கென்று அரசு கழகம் அமைத்த அனுபவம் நமக்கு உண்டு. எந்த மருந்து வாங்கப்படுகிறது என்பது எந்த மருந்து எழுதப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும்.

ஈ) புண்ணில் தொற்று வந்தவர்களின் கணக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் வேண்டும். வீட்டுக்குப் போனபின் முப்பது நாள் வரை விசாரிக்க வேண்டும். பல தொற்றுகள் வீட்டில்தான் வெளிப்படுகின்றன. கணக்கு இல்லாத இடத்தில் பயம்தான் கணக்கு.

உ) நர்சுக்கும் மருந்தாளுநருக்கும் 'இது இன்னும் தேவையா?' என்று கேட்கும் உரிமை எழுத்தில் வேண்டும். கேட்டதற்காக யாரும் பழிவாங்கப்படக் கூடாது.

ஊ) தண்ணீர், சோப்பு, வேகவைத்த கருவி, போதுமான நர்சுகள். இவை இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது.

8. இரண்டு ஆட்சேபங்கள்

நமது நண்பர்கள் சிலர் உடனே கேட்கக்கூடிய கேள்வி: "அரசாங்கம் செலவைக் குறைக்க ஏழைங்க மருந்துல கைவைக்கிறதுக்கு இது வழி பண்ணாதா?" நியாயமான சந்தேகம். 'சிக்கனம்' என்கிற சொல் எப்போதும் கீழே இருப்பவர்கள் பக்கமே திரும்பும் என்பது நமது அனுபவம். ஆன்டிபயாடிக் கிடைக்காமல் சாகிறவர்கள் இன்றும் ஏராளம். அதனால்தான் கோரிக்கையின் முதல் பாதியை இரண்டாவது பாதியிலிருந்து பிரிக்கக் கூடாது என்கிறோம். கத்திக்கு முந்தைய அந்த ஒரு ஊசி, தரையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் தவறாமல், நேரத்துக்குக் கிடைத்தாக வேண்டும். அதை உறுதி செய்யாமல் பின்னால் உள்ள ஏழு நாளை மட்டும் வெட்டினால் அது வஞ்சகம். மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். அது சோப்புக்கும் நர்சுக்கும் வரவேண்டிய பணம்.

இரண்டாவது ஆட்சேபம் ஃபூக்கோவைப் படித்தவர்களிடமிருந்து வரும். கணக்கெடுப்பு, பட்டியல், திருப்பிக் காட்டுதல் எல்லாம் புதிய கண்காணிப்பு இல்லையா? ஆம், கண்காணிப்புதான். ஆனால் கேஸ் ஷீட் வழியாக நோயாளியின் உடல் எப்போதும் கண்காணிக்கப்பட்டே வந்திருக்கிறது. சீட்டு எழுதுகிற கை மட்டும் பார்வைக்கு வெளியே இருந்தது. யார் பார்க்கிறார்கள், எண்கள் யார் கையில் இருக்கின்றன என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அந்த எண்கள் நிர்வாகத்தின் மேசைக்குள் பூட்டப்பட்டு இளம் டாக்டரை மிரட்டப் பயன்பட்டால் ஒண்டாரியோ கதைதான் திரும்பும். வார்டின் சுவரில், நோயாளிகளும் படிக்கும்படி தமிழில் எழுதப்பட்டால் அது வேறொன்றாகும்.

நோயாளியோ உறவினரோ தாமாக மருந்தை நிறுத்திவிடலாம் என்று இதிலிருந்து யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். எது சிகிச்சை, எது முன்னெச்சரிக்கை என்பது ஒவ்வொருவர் விஷயத்திலும் பார்க்க வேண்டியது. ஆனால் கேட்கலாம். அறுவைக்கு முன்னால்: "ஊசி எப்ப போடுவீங்க, யார் போடுவாங்க?" அறுவைக்குப் பின்னால்: "இந்த ஊசி இருக்கிற சீழுக்கா, வரக்கூடாதுன்னு போடுறதா? எத்தனை நாளைக்கு?" தனி ஆளாகக் கேட்டால் "நீ டாக்டரா நான் டாக்டரா?" என்கிற பதில் வரும். சங்கமாக, அமைப்பாகக் கேட்டால் அப்படிச் சொல்லிவிட முடியாது. மருத்துவமனை முன் போராடும்போது டாக்டர் வரவில்லை, மருந்து இல்லை என்று முழக்கம் எழுப்பியிருக்கிறோம். தேவைக்கு மேல் ஏறிய மருந்தைப் பற்றி முழக்கம் எழுப்பியதில்லை. தொற்றுக் கணக்கைச் சுவரில் எழுதச் சொல்லி ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியிலாவது மனுக் கொடுக்கலாம். வார்டில் வேலை செய்யும் இளம் டாக்டர்களும் நர்சுகளும் இதைப் படித்தால், அவர்களுடைய யூனிட்டின் ஆசாரம் என்ன என்று எழுத வேண்டும். விவாதம் அங்கிருந்து தொடரட்டும்.